தறிக்காரன் வண்டி

இப்போதெல்லாம் நம் ஆட்களிடம் பாட்டன் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். ஆனால் ஜப்பானில் கார் செய்தவனுடைய அப்பன் யார், அவன் ஆத்தா என்ன வேலை செய்தாள் என்பதெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. கையில் போன், போனுக்குள் எவனோ ஒருத்தன் பேசுகிறான், இவர்கள் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்கள். கேட்டதை அப்படியே அடுத்தவனிடம் ஒப்பிக்கிறார்கள், கூடவே இருந்து பிரசவம் பார்த்த மாதிரி. டீக்கடையில் நின்றாலும் இதுதான், பஸ்ஸில் ஏறினாலும் இதுதான். அந்தக் கம்பெனிக்காரன் யோக்கியனா அயோக்கியனா என்று விசாரிக்க, அவன் என்ன நமக்குப் பெண் கொடுத்த சம்பந்தியா?

அந்தக் கம்பெனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு விளம்பரம் செய்ய எனக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை.

இந்தப் பேச்சு என் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரி செல்லம்மாளின் உடம்பு. அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. உப்பளத்தில் நிற்கிற பெண்கள் ஒதுங்க மறைவு இல்லை என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சுற்றிலும் தண்ணீர் வெயிலில் மின்னும், இவர்கள் நாக்கு வறண்டு நிற்பார்கள். அதன் பலன் வயதான பிறகு தெரிகிறது. செவ்வாயும் வெள்ளியும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய், மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு முறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் மூச்சு விட முடியாது என்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

போகும்போது பஸ்ஸில் போய்விடுவாள். வரும்போதுதான் கஷ்டம். ரத்தம் சுத்தம் செய்த பிறகு அவளுக்கு நிற்கக் காலில் தெம்பு இருக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு மரக்காணம் வரை வருவாள். அவளைப் போல இன்னும் சிலர் எங்கள் ஊரில் உண்டு. அதனால் எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கம் ஒரு பழைய வண்டி வாங்குவதென்று முடிவு செய்தது. அதுவரை நல்ல காரியம்தான். எந்த வண்டி என்பதில்தான் சனியன் பிடித்தது.

சங்கத்துக்குச் செயலாளர் மணிவண்ணன். செத்துப்போன என் தம்பியின் மகன். பாலிடெக்னிக் படித்தவன். லைசென்ஸ் இருப்பதால் வண்டியும் அவனே ஓட்டுவதாகப் பேச்சு. நான் திண்டிவனத்தில் ஒரு பழைய ஜீப்பைப் பார்த்து வைத்திருந்தேன். எந்த சைக்கிள் கடைக்காரனும் அதைப் பிரித்து மாட்டிவிடுவான். கூட்டத்தில் அதைச் சொன்னேன். மணிவண்ணன் சிரித்தான்.

"பெரிப்பா, அதுல பெரிம்மாவை உக்கார வெச்சி கூட்டிம்போனா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள இடுப்பு கழண்டுடும். கோட்டக்குப்பத்துல உபைத் பாய்கிட்ட ஜப்பான் வண்டி ஒண்ணு இருக்குது. ஏழு பேர் போலாம். அந்தக் கம்பெனி வரலாறு தெரியுமா உங்களுக்கு?"

"நான் வரலாறு கேட்டனா? வண்டி கேட்டேன்."

"கேளுங்க பெரிப்பா. ஆரம்பத்துல அவுங்க கார் கம்பெனியே இல்ல. தறி செய்றவங்க. அந்தப் பெரியவரு சின்ன வயசுல அவுங்க அம்மா தறி நெய்யக் கஷ்டப்படறதப் பார்த்துட்டு, புதுசா ஒரு தறி கண்டுபுடிச்சாரு. நூல் ஒண்ணு அறுந்தாக் கூட அந்தத் தறி தானா நின்னுடும். தப்பான துணி ஒரு முழம் கூட வராது. அந்தத் தறியோட உரிமையை வெள்ளக்காரனுக்கு வித்து, வந்த காசுலதான் அவரு புள்ள காருக்கு வழி பண்ணாரு."

"ஓகோ. தறிக்காரன் வண்டியா? அப்ப நம்ம ஊரு செக்கு ஆட்றவன் ஏரோப்பிளேன் விடலாம்."

சங்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவன் விடவில்லை. முதல் எஞ்சினை அமெரிக்காக்காரன் எஞ்சினைப் பார்த்துத்தான் செய்தார்களாம். அதை ஒரு பெருமை மாதிரி சொன்னான். பார்த்துச் செய்தால் அதற்குப் பெயர் காப்பி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதற்குத்தான் என் முட்டியைப் பெயர்த்தார். பிறகு முதல் முதலாக அமெரிக்காவுக்கு அனுப்பிய கார் அங்கே பெரிய ரோட்டில் ஓட முடியாமல் திணறிப் போய், விற்பதையே நிறுத்திக்கொண்டார்களாம். அதையும் அவனே சொன்னான், நான் கேட்கவில்லை.

குடும்பப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிக் கம்பெனிக்கு வைத்த கதை அதற்கு மேல். அவர்கள் எழுத்தில் அப்படி எழுதினால் எட்டுக் கோடு வருமாம். எட்டு அவர்களுக்கு ராசியாம்.

"டேய், இது நம்ம டவுன்ல ஜோசியக்காரன் பண்ற வேலைடா. பேர்ல ஒரு எழுத்து கூட்டு, ஒரு எழுத்து கொறைன்னு. இவ்ளோ பெரிய கம்பெனிக்காரன் இதையா நம்பனான்?"

"அது ஒரு நம்பிக்கை பெரிப்பா."

"சரி. இந்தக் கம்பெனி தப்பே பண்ணதில்லயா? அதையும் சொல்லு."

அவன் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். தயங்கித்தான் சொன்னான். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஆக்ஸிலேட்டர் கட்டையில் கோளாறு என்று லட்சக் கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துச் சரி செய்தார்களாம். பெரிய முதலாளியே அமெரிக்காவுக்குப் போய், அத்தனை பேர் முன்னாடி மன்னிப்புக் கேட்டானாம்.

"இதத்தான் முதல்ல சொல்லணும்," என்றேன்.

"தப்ப ஒத்துக்கிட்டாரு பாருங்க பெரிப்பா. தலை குனிஞ்சி ஒத்துக்கிட்டாரு. அதனாலதான் அந்தக் கம்பெனி பேரு நிக்குது."

தப்பு செய்யாவிட்டாலும் பெருமை, செய்தாலும் பெருமை. இப்படி ஒருத்தனுக்கு ஊர் அமைந்துவிட்டால் அவன் என்ன செய்தாலும் செல்லும். கை தூக்கச் சொன்னார்கள். என் கையைத் தவிர எல்லாக் கையும் மேலே போனது.

கோட்டக்குப்பம் உபைத் துபாயில் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். ரோட்டோரம் ஷெட் போட்டு, பழைய வண்டி வாங்கி விற்கிறார், ரிப்பேரும் பார்க்கிறார். வண்டியை வெள்ளையாகக் கழுவி நிறுத்தியிருந்தார். நான் சுற்றி வந்து ஒரு தட்டுத் தட்டினேன்.

"பெரியவரே, கதவத் தட்டாதீங்க, தொறந்து மூடிப் பாருங்க. அந்தச் சத்தத்துலயே தெரியும்," என்றார் உபைத்.

"கதவு மூடறதுக்கா வண்டி வாங்கறோம்? பாய், உண்மையச் சொல்லுங்க. இது எப்ப மக்கர் பண்ணும்?"

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா பண்ணாது. அங்க பாலைவனத்துல, மணல்ல, வெயில்ல, அரபி அடிக்கிற அடியில இந்தக் கம்பெனி வண்டி ஓடறத என் கண்ணால பார்த்திருக்கேன். ஆயில் மாத்தறதுக்கே கொண்டாற மாட்டானுங்க. அப்பவும் ஓடும்."

"மணல் வேற பாய், உப்பு வேற. மணலு வெளிய நின்னு உரசும். உப்பு உள்ள பூந்து திங்கும். எங்க ஊர்ல ஜன்னல் கம்பி நிக்காது, சைக்கிள் செயின் நிக்காது."

"அதுக்குத்தான் அடியில துரு புடிக்காத மருந்து அடிச்சி வெச்சிருக்கேன். கீழேருந்து உப்பு ஏறாது. என்னை நம்புங்க."

நம்புங்க என்று சொல்கிற வியாபாரியை நான் இதுவரை நம்பியதில்லை. ஆனால் செல்லம்மாள் அதற்குள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மணிவண்ணன் ஏ.சி.யைப் போட்டுவிட்டான். அவள் கண்ணை மூடிச் சாய்ந்த சாய்ப்பைப் பார்த்ததும், இனிமேல் நான் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது.

வண்டி ஊருக்கு வந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அது எல்லா ஊரிலும் செய்வதுதான். எங்கள் உப்பளத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் ஒன்று உண்டு. வருடத்தில் முதல் முதலாகப் பாத்தியில் வாருகிற உப்பை விற்க மாட்டோம். சாமி முன்னால் வைத்து, வீட்டுக்கு வீடு ஒரு கை எடுத்துக்கொள்வோம். புது வீடு கட்டினால், புது வண்டி வாங்கினால் அந்த உப்பை மஞ்சள் துணியில் முடிந்து உள்ளே கட்டுவோம். வயதில் மூத்தவன் கையால் கட்ட வேண்டும். அந்த வருடம் மூத்தவன் நான்.

மாட்டு வண்டியாக இருந்தால் நுகத்தடியில் கட்டலாம். லாரியில் கொக்கி இருக்கும். இந்த ஜப்பான்காரன் வண்டிக்குள் எல்லாம் வழவழவென்று இருக்கிறது. ஒரு ஆணி இல்லை, ஒரு வளையம் இல்லை. கண்ணாடியில் தொங்கவிடலாம் என்றால், ரோடு மறைக்கும் என்று மணிவண்ணன் வேண்டாமென்றான். முன் சீட்டுக்கு எதிரே குனிந்து, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் தேடினேன். கயிறு மாதிரி தடியாக ஒரு ஒயர்க் கட்டு போனது. அதில் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டினேன். கண்ணுக்கும் தெரியவில்லை. திருஷ்டிக்கு அதுதான் நல்லது.

"இன்னாய்யா, ஒயர்ல கட்ற?" என்றாள் செல்லம்மாள்.

"உன் ஜப்பான்காரன் ஒரு ஆணி அடிச்சிக் குடுத்திருந்தா அதுல மாட்டியிருப்பேன்," என்றேன்.

வெயில் காலம் முழுக்க வண்டி ஓடியது. ஓடவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். காசு கொடுத்து வாங்கின வண்டி ஓடத்தான் வேண்டும், அதில் என்ன அதிசயம்? ஆனால் ஊர் அப்படிப் பேசவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வண்டி வந்து நின்றால் போதும், பக்கத்து வீட்டு பாப்பாத்தி கையெடுத்துக் கும்பிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் அந்தக் கம்பெனியைப் புகழ்ந்துகொண்டே வருவார்கள். அனுமந்தை வரும்போது எஞ்சின் புகழ், கூனிமேடு வரும்போது ஏ.சி. புகழ், காலாப்பட்டு தாண்டினால் சீட்டுப் புகழ். ஓட்டுகிறவன் மணிவண்ணன், டீசல் போடுவது சங்கம், ரோடு போட்டது கவர்ன்மென்ட். பேர் மட்டும் ஜப்பானுக்குப் போகிறது.

செல்லம்மாள் திரும்பி வரும்போது தூங்கிவிடுவாள். வாயில் முந்தானை வைப்பது நின்றுவிட்டது. ஒரு நாள் வீட்டில் இறங்கும்போது சொன்னாள்: "தறிக்காரன் நல்லா இருக்கணும்."

"நாப்பது வருஷம் உன்னைக் கட்டி மேய்ச்சவன் நானு. எனக்கு ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல நீ."

"நீ ஏ.சி. வெச்சிருந்தா சொல்லியிருப்பேன்," என்றாள்.



ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் புயல் வந்தது. எங்கள் கடற்கரையில் புயல் புதிதில்லை. பாத்தியெல்லாம் மூழ்கி, உப்பளம் எது கழுவெளி ஏரி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராக நின்றது. ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்ததால் அந்த வெள்ளிக்கிழமை யாரும் எங்கும் போக முடியவில்லை. செல்லம்மாளுக்கு ஒரு முறை தவறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையே கால் இரண்டும் உருளைக்கட்டை மாதிரி ஆயின. திங்கட்கிழமை படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தாள். செவ்வாய்க்கிழமை எப்படியும் போய்ச் சேர வேண்டும்.

விடிந்ததும் புறப்பட்டோம். மற்றவர்கள் அடுத்த நடை வருவதாக ஏற்பாடு. வண்டியில் அவளும் நானும் மணிவண்ணனும் மட்டும். மழை தூறிக்கொண்டிருந்தது. கூனிமேட்டுக்குள் நுழையும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. ஸ்டீயரிங்குக்கு எதிரே இருக்கிற விளக்கெல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன, சிவப்பு, மஞ்சள், எல்லாம். மணிவண்ணன் ஓரம் கட்டினான். எஞ்சின் தானாக அணைந்தது. சாவியைத் திருப்பினான். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். அதுவும் இல்லை.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல பெரிப்பா. ஏதோ கோளாறுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குது. அதான் தானா நின்னுடுச்சு. அந்தத் தறி மாதிரி."

நான் அவனை அடித்திருப்பேன். பின்னால் செல்லம்மாள் மீன் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இவன் தறிக்கதை சொல்கிறான்.

"டேய் மணி, நூல் அறுந்தா நிக்கட்டும்டா. உங்க பெரிம்மா மூச்சு அறுந்துடப் போவுது. இப்ப நின்னா அறிவா அது? கொழுப்புடா!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். வண்டியெல்லாம் புயல் வேலையில் இருக்கிறது, அனுப்பி வைக்கிறோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஊரே அப்படித்தான் கிடந்தது. நான் ரோட்டில் இறங்கி, வருகிற வண்டிக்கெல்லாம் கையை நீட்டினேன்.

நின்றது ஒரு குட்டி யானை. மீன் பெட்டி ஏற்றுகிற வண்டி. முன்பக்கம் ஒரு விளக்கு உடைந்து, கதவு ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஓட்டி வந்தவர் கூனிமேட்டு ஹபீப் முஹம்மது, மீன் வியாபாரி. எட்டிப் பார்த்தவர் செல்லம்மாளைப் பார்த்ததும் வேறு பேச்சுப் பேசவில்லை.

"முன்னாடி ஏத்துங்க. நீங்க பின்னாடி பெட்டி மேல உக்காருங்க பெரியவரே. நாத்தம் அடிக்கும், பரவால்லயா?"

"எங்களுக்கு என்ன பாய், செண்ட்டு பூசியா போறோம்?"

அவர் கயிற்றை அவிழ்த்துக் கதவைத் திறந்தார். மணிவண்ணனும் அவருமாக அவளைத் தூக்கி உட்கார வைத்தார்கள். ஹபீப் நின்றுபோன வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"யா அல்லாஹ், இதுவா நின்னுச்சு? இது நிக்கவே நிக்காதுன்னு சொல்லுவானுங்களே?"

"அதத்தான் நானும் கேட்டுட்டு இருக்கேன்," என்றேன்.

புதுச்சேரி வரை மழையில் நனைந்துகொண்டே மீன் பெட்டிமேல் உட்கார்ந்து போனேன். சீக்கிரமாகவே போய்ச் சேர்ந்தோம். டாக்டரம்மா அவளை உடனே மிஷினில் போட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார். சாயங்காலம் செல்லம்மாள் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "வண்டி இன்னா ஆச்சு?" என்றுதான். புருஷன் நனைந்து நிற்கிறானே என்று கேட்கவில்லை.

மறுநாள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். அந்த வருடத்தில் நான் கொஞ்சம் சந்தோஷமாகப் பேசிய நாள் அதுதான். தறிக்காரன் வண்டி நடுரோட்டில் நின்றது, கயிறு கட்டிய மீன் வண்டி போய்ச் சேர்ந்தது என்று சொன்னேன். போன மாதம் புகழ்ந்தவர்கள் எல்லாம் குனிந்து தரையைப் பார்த்தார்கள். வண்டியை உபைத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத் திண்டிவனத்து ஜீப்பை வாங்குவதா வேண்டாமா என்று கேள்வி வந்தது. உயிருக்கு ஆபத்து வந்தது என் வீட்டில் என்பதால், முடிவை என்னிடமே விட்டார்கள். பெரியவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு எது சொல்கிறாரோ அதுதான் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பும்போது கோட்டக்குப்பத்தில் இறங்கினோம். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்து உபைத் ஷெட்டில் விட்டிருந்தார்கள். வானம் வெளுத்துவிட்டது, வெயில் அடித்தது. செல்லம்மாள் ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணிவண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாய், பேசறதுக்கு ஒண்ணுமில்ல. வண்டிய நீங்களே வெச்சுக்குங்க," என்றேன்.

"வெச்சுக்கறேன் பெரியவரே. கோளாறு என் பேர்ல இருந்தா, கம்பெனி பேர்ல இருந்தா, நானே வெச்சுக்கறேன். முதல்ல இதப் பாருங்க."

டேஷ்போர்டைக் கழற்றிப் போட்டிருந்தார். உள்ளே இருந்து கழற்றிய ஒரு தகரப் பெட்டியைக் காட்டினார். எஞ்சினுக்குக் கட்டளை போடுகிற கம்ப்யூட்டர் அதுதானாம். ஒயர் போய்ச் சொருகுகிற இடம் பச்சையாகப் பூத்திருந்தது, பழைய செப்புக் காசு மாதிரி.

"பாத்தீங்களா, உப்பு பூந்துடுச்சு. நான்தான் அன்னிக்கே சொன்னேனே. அடியில மருந்து அடிச்சிருக்கேன், ஏறாதுன்னு சொன்னீங்க," என்றேன்.

"கீழேருந்து ஏறல பெரியவரே. மேலேருந்து எறங்கியிருக்குது."

கையைப் பின்னால் விட்டு, எங்களுக்குக் காட்ட என்று ஒயர்க் கட்டிலேயே தொங்கவிட்டு வைத்திருந்த ஒன்றைப் பிரித்து எடுத்தார். மஞ்சள் துணி முடிச்சு. வெயில் காலத்தில் கல் மாதிரி கிடந்திருக்கும். மழை ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கசிந்து, சொதசொதவென்று இருந்தது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் ஒயர் வழியாகவே போய் அந்தப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. உபைத் அதைத் தகரத் தட்டில் வைத்தார். தட்டில் தண்ணீர் கட்டியது.

"இது யாரு கட்டினது?" என்று கேட்டார்.

மணிவண்ணன் மேலே கூரையைப் பார்த்தான். மழைக்காலத்தில் உப்புக் கசியும் என்று எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். அம்பாரத்தில் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடுவது அதற்குத்தான். ஆனால் முதல் உப்பை யாரும் உப்பு என்று நினைப்பதில்லை. அது சாமி. சாமி கசியும் என்று யார் நினைப்பார்கள்?

"நான்தான் கட்டினேன்," என்றேன். "அதுக்கின்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. பொட்டிய மாத்தி, ஒயர சுத்தம் பண்ணிட்டேன். ஸ்டார்ட் பண்ணிக் காட்றேன்."

காட்டினார். வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. டேஷ்போர்டையும் திரும்ப மாட்டினார்.

"அப்ப வண்டி மேல தப்பு இல்ல பெரிப்பா," என்றான் மணிவண்ணன். குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் முகத்தில் பல்பு எரிந்தது.

"எப்படிடா இல்ல? ஒரு கைப்பிடி உப்பு. ஒரே ஒரு கைப்பிடி! அதத் தாங்க முடியாதவன் மரக்காணத்துக்கு இன்னாத்துக்கு வந்தான்? பாலைவனத்துல ஓடுச்சு, மலையில ஓடுச்சுன்னு ஊரெல்லாம் தண்டோரா. எங்க பாட்டன் காலத்து மாட்டு வண்டியில இதே உப்பக் கட்டினோம். அது எங்கனா நின்னுச்சா?"

"மாட்டுக்குள்ள கம்ப்யூட்டர் இல்லயே பெரியவரே," என்றார் உபைத்.

மணிவண்ணன் சிரிப்பை அடக்கினான். நான் அவனைப் பார்த்தேன்.

"சிரிக்காதடா. அவன் கம்பெனிப் பேர்ல எழுத்த மாத்தி எட்டுக் கோடு போட்டான்ல? அது நம்பிக்கை, பெருமைன்னு சொன்ன. நான் சாமி உப்பு கட்டினா அது முட்டாள்தனமா? ஜப்பான்காரன் செஞ்சா ராசி, உங்க பெரிப்பன் இந்தச் சிங்காரம் செஞ்சா கோளாறா?"

பதில் வந்தது செல்லம்மாளிடமிருந்து.

"அவன் எழுத்த பேர்லதான மாத்தனான், ஒயர்லயா கட்டனான்?" என்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அந்த முதலாளி அவ்ளோ பேர் முன்னாடி தலை குனிஞ்சானாமே. நீ எனக்கு முன்னாடி கொஞ்சம் குனியக் கூடாதா?"

"அவன் வித்தவன், குனிஞ்சான். நான் இன்னாத்த வித்தேன், குனியறதுக்கு?"

"சரி, குனியாத. வண்டிய வேணாம்னு மட்டும் சொல்லாத. மிஷின்ல படுக்கறது நானு. கம்பியப் புடிச்சிக்கினு வாந்தி எடுத்தது நானு. சங்கம் உன்னைக் கேட்டா, நான் சொன்னேன்னு சொல்லு. எனக்கு இந்த வண்டிதான்."

மெதுவாக நடந்து போய் பின் கதவைத் திறந்தாள். அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். கதவு மூடிய சத்தம் கேட்டது. உபைத் அன்று சொன்ன அந்தச் சத்தம்தான். என்ன பெரிய சத்தம்? எந்தக் கதவை மூடினாலும் ஏதோ ஒரு சத்தம் வரத்தான் செய்யும்.

நான் தட்டிலிருந்த முடிச்சைக் கையில் எடுத்தேன். சாமி உப்பை ஒர்க்‌ஷாப் குப்பையில் விட்டுவிட்டா வருவது? அதோடு முன் சீட்டுக் கதவைத் திறக்கப் போனேன். மணிவண்ணனும் உபைத்தும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்கள்.

"பெரிப்பா, நீங்க வாங்க. அது மட்டும் வேணாம்."

"ஒரு கவர்ல போட்டு டிக்கில கூட வேணாம் பெரியவரே," என்றார் உபைத். "மன்னிச்சிக்குங்க."

"நான் வந்தா இதுவும் வரும்."

உள்ளேயிருந்து செல்லம்மாள் கண்ணாடியை இறக்கினாள். "யோவ், அத இங்கயே ஒரு மரத்தடியில கொட்டிட்டு வா. சாமி ஒண்ணும் சொல்லாது."

"கொட்ட மாட்டேன்."

"அப்ப பஸ்ஸுல வா," என்றாள். கண்ணாடி மேலே ஏறிவிட்டது. கொஞ்சம் கூட யோசிக்கவில்லை. உள்ளே ஏ.சி. போட்டிருப்பான்.

நான் ரோட்டுக்கு வந்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் வெள்ளை வண்டி என்னைத் தாண்டிப் போனது. நிறுத்துவான் என்று நினைத்தேன். மணிவண்ணன் மெதுவாக்கினான், நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், போய்விட்டான். எஞ்சின் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. இன்றைக்கு நன்றாக இருக்கும். அடுத்த கார்த்திகையில் பார்க்கலாம்.

கையிலிருந்த முடிச்சிலிருந்து உப்புத் தண்ணீர் விரல் வழியாக வேட்டியில் சொட்டிக்கொண்டே வந்தது. வாழ்நாள் முழுக்க இந்த உப்பைத் தொட்ட கை இது, நின்றா போய்விட்டது? எல்லாம் பேர். வெறும் பேர். எட்டுக் கோடு போட்டு எழுதின பேர். மரக்காணம் பஸ் வந்தது, கூட்டம் பிதுங்கியது. கம்பியைப் பிடிக்க ஒரு கை, உப்புக்கு ஒரு கை என்று ஏறிக்கொண்டேன்.